கிளச் பிளேட் மட்டுமா, முழு செட்டா, கியர் பொக்ஸா? காசு கொடுக்கும் முன் ஓர் ஒப்பீடு

ஒரு மெக்கானிக் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர் செட்டாகப் போடாவிட்டால் கையே வைக்கமாட்டேன் என்கிறார். மூன்றாமவர் பொக்ஸே போய்விட்டது, ரீகண்டிஷன் ஒன்று எடுத்துப் போடுவோம் என்கிறார். கார் ஒன்றுதான், குறையும் ஒன்றுதான், தீர்ப்பு மட்டும் மூன்று. திருகோணமலையின் உவர்மலையிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் நிலாவெளிப் பக்கத்திலிருந்தும் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இதுதான்: இந்த மூன்றில் எதற்குத் தலையாட்டுவது?

கேள்வி இப்போது கூடியிருப்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடையில் 2022இல் ரூபா சரிந்தபோது சாமான் விலை எல்லாம் எகிறியது. புதுக் கார் வாங்க முடியாதவர்கள் கையிலிருந்த மனுவல் கியர் ஆல்டோவையும் கொரோலாவையும் ஹைஏஸையும் விற்காமல் வைத்து ஓடினார்கள். அந்த வண்டிகளின் கிளச்சும் பொக்ஸும் இப்போது ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கத் தொடங்கியிருக்கின்றன.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலில் பார்க்க வேண்டியது சாமான் விலையை அல்ல, இறக்கி ஏற்றும் கூலியை. கிளச் பிளேட் எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் நடுவே இருக்கிறது. அதைத் தொடவேண்டுமென்றால் பொக்ஸை இறக்கித்தான் ஆகவேண்டும். முன்சக்கர இழுவைச் சிறிய காரில் இரண்டு டிரைவ் ஷாஃப்டையும் உருவி, ஸ்டாட்டரைக் கழற்றி, எஞ்சினையும் பொக்ஸையும் தாங்கும் மவுண்டுகளை அவிழ்த்து இறக்க அனுபவமுள்ள கைக்கே அரை நாள் போகும். பிளேட் ஒன்றை மாற்றினாலும், அதோடு பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்த அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஸ் பெயரிங் என்று செட்டின் மூன்று சாமானையும் மாற்றினாலும் அந்தக் கூலி ஒன்றுதான். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்திருந்தால் பாதித் தீர்மானம் தானாகவே வந்துவிடும்.

அடுத்தது, எது கெட்டிருக்கிறது என்பதில் உங்களுக்கும் மெக்கானிக்குக்கும் எவ்வளவு உறுதி என்பது. பொக்ஸை இறக்கிய பிறகுதான் தெரியும் என்பது சில குறைகளுக்கு உண்மை. பல குறைகளை இறக்காமலே பிரித்தறியலாம்.

மூன்றாவது, சாமான் வந்து சேரும் காலம். ஓடித்திரியும் மொடல்களுக்கு நம்மூர்க் கடைகளிலேயே கிடைக்கும். மற்றவற்றுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைதான். இரவு பஸ்ஸில் பார்சல் போட்டால் காலையில் வந்துவிடும், ஆனால் நடுத்துளையின் பல் எண்ணிக்கை மாறிய பிளேட் வந்தால் அது திரும்பிப்போய் மாற்றி வரும்வரை கார் கராஜில் வயிறு திறந்தபடி நிற்கும்.

நான்காவது, வண்டி உங்களுக்கு என்ன செய்கிறது, இன்னும் எவ்வளவு காலம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பது. பாடசாலைக்கும் சந்தைக்கும் போகும் காருக்கு ஒரு தீர்மானம். மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்கு ஆள் ஏற்றும் வானுக்கு வேறு தீர்மானம்.

## பொக்ஸை இறக்கும் முன் அரை மணித்தியாலம்

தவறான தெரிவுகளில் பெரும்பாலானவை இந்த அரை மணித்தியாலத்தைச் செலவழிக்காததால் வருகின்றன. காசு இல்லாமல் நீங்களே செய்யக்கூடிய சோதனைகள்தான் எல்லாம்.

முதலில் பெடலின் கீழே பாருங்கள். தடித்த கார்பெட் மடிந்து கிடந்தால் பெடல் அடிவரை போகாது, கிளச் முழுதாக விடுபடாது, அதாவது எஞ்சினின் சுழற்சி பொக்ஸுக்குப் போவது நிற்காது, கியர் முரண்டு பிடிக்கும். கார்பெட்டை இழுத்துவிட்டதும் குறை தீர்ந்துபோன வண்டிகள் இருக்கின்றன.

அடுத்து எஞ்சினை நிறுத்திவிட்டு, கிளச்சை மிதித்து எல்லாக் கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள். நிறுத்தினால் வெண்ணெய்போல விழுந்து, ஓடும்போது மட்டும் விழ மறுத்தால் பொக்ஸில் குறையைத் தேடாதீர்கள், கிளச் விடுபடவில்லை. இரண்டு நிலையிலும் இறுக்கம் என்றால் கியர் லிவரிலிருந்து பொக்ஸுக்குப் போகும் கம்பி, கேபிள், புஷ், அல்லது பொக்ஸின் உள்ளே கியரைத் தெரிவுசெய்யும் செலக்டர் பக்கம் பார்க்கவேண்டும்.

விடுபடாத கிளச்சை இன்னும் உறுதிசெய்ய ரிவர்ஸ் கியர் உதவும். கியர் விழும்போது பல் உரசாமல் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்தான் சிங்குரோ, பெரும்பாலான பழைய கார்களில் ரிவர்ஸுக்கு அது கிடையாது. எஞ்சின் ஐடிலில் இருக்க, கிளச்சை அடிவரை மிதித்து ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அவ்வளவு நேரத்தில் உள்ளே சுழல்வது நின்றிருக்க வேண்டும். அதன் பிறகும் கறகறத்தால் கிளச் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிறது.

வழுக்கும் கிளச்சை வீதியில்தான் பார்க்கவேண்டும். வெறிச்சோடிய நேரான வீதியில் 40 கிலோமீற்றர் வேகத்தில் நான்காம் கியரில் அக்சிலேட்டரை ஒரேயடியாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் ஏறி வேகம் பின்தங்கினால் பிளேட் வழுக்குகிறது. ஒருமுறை பார்த்தால் போதும். மீண்டும் மீண்டும் செய்தால் பிளேட்டின் மேல் மிச்சமிருக்கும் உராய்வுப் படையான லைனிங்கும் கருகும். நம்மூரில் வழுக்கல் முதலில் தெரியவரும் இடம் பெரும்பாலும் உவர்மலை ஏற்றம், இல்லாவிட்டால் சனம் நிறைந்த நாளில் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஊர்ந்து ஏறும் பாதை. கருகிய மணம் வந்தால் அதை யாருடைய வண்டியோ என்று விட்டுவிடாதீர்கள்.

சத்தம் எப்போது வருகிறது என்பது நல்ல சாட்சி. நியூட்ரலில் பெடலைத் தொடாமல் இருக்கும்போது இரைச்சல் இருந்து, பெடலை மிதித்ததும் அடங்கினால் எஞ்சினின் சுழற்சியை பொக்ஸுக்குள் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்டின் பெயரிங்கைச் சந்தேகியுங்கள். மாறாக, மிதிக்கும்போதுதான் கீச்சிடுகிறது என்றால் ரிலீஸ் பெயரிங். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு பொக்ஸைப் பிரித்தவர்களும் உண்டு, பிரிக்கவேண்டிய பொக்ஸுக்குக் கிளச் செட் மட்டும் போட்டவர்களும் உண்டு.

ஒரேயொரு கியருக்கு மட்டும், அதிலும் இரண்டாம் கியருக்கோ மூன்றாம் கியருக்கோ மட்டும் கறகறப்பு என்றால் கிளச் குற்றவாளி அல்ல. அந்தக் கியரின் சிங்குரோ ரிங் தேய்ந்திருக்கிறது. கிளச் விடுபடாவிட்டால் எல்லாக் கியரும்தான் முரண்டும். போட்ட கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறதென்றால் உள்ளே பல்லும், கியரை நகர்த்தும் ஃபோர்க்கும் தேய்ந்திருக்கலாம். ஆனால் அதற்கு முன் எஞ்சின் மவுண்டைப் பாருங்கள். மவுண்ட் அறுந்த எஞ்சின் அக்சிலேட்டருக்கு ஏற்றபடி ஆடும்போது லிவரையும் இழுத்துக் கியரைக் கழற்றிவிடும். மவுண்ட் ரப்பருக்குக் கொடுக்கும் காசு பொக்ஸ் வேலையின் பக்கத்திலேயே வராது.

கடைசிச் சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கியர் ஒயிலைக் கழற்றும்போது ஒரு வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் சரித்துப் பாருங்கள். காந்த நட்டில் சாம்பல்நிறப் பசைபோல ஒட்டியிருப்பது வழமையான தேய்வு. ஒயிலில் பொன்னிறத் தூள் நிறைய மினுங்கினால் அது பித்தளை, சிங்குரோ ரிங் கரைந்து வருகிறது. நகத்தில் அகப்படும் அளவுக்கு இரும்புத் துண்டு இருந்தால் பல்லோ பெயரிங்கோ உடைந்திருக்கிறது. ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மாரியில் வெள்ளம் ஓடும் வீதியில் சில்லு மூழ்க ஓட்டிய கார்களில் இதை எதிர்பார்க்கலாம், பொக்ஸின் காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் போய்விடும். அது தெரிந்தால் அன்றைக்கே ஒயிலை மாற்றுங்கள், பிறகு கொஞ்சம் ஓடி இன்னொரு முறை மாற்றுங்கள்.

இனித் தெரிவுகள். மெக்கானிக்குகள் சொன்ன மூன்றோடு இன்னும் இரண்டு சேர்த்து ஐந்து.

## முதல் தெரிவு: இறக்காமல் செய்யும் வேலை

கேபிள், பம்ப், கியர் ஒயில், லிங்க் புஷ், மவுண்ட். இவை எதற்கும் பொக்ஸை இறக்கத் தேவையில்லை.

ஆல்டோ போன்ற கேபிள் கிளச் கார்களில் பெடலுக்கு மேலே கொஞ்சம் விளையாட்டு, அதாவது கிளச்சைத் தொடாமல் பெடல் வெறுமனே இறங்கும் தூரம், இருக்கவேண்டும். காரின் கையேட்டில் அளவு இருக்கும், பொதுவாக ஒன்றிரண்டு சென்ரிமீற்றர். பிளேட் தேயத் தேய அந்த விளையாட்டு குறைந்துகொண்டே வரும். முற்றாக இல்லாமல் போனால் ரிலீஸ் பெயரிங் எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்க, நல்ல பிளேட்கூட வழுக்கும். கேபிளின் நட்டைத் திருப்பினால் தீரும் குறைக்குக் கிளச் செட் விலை கொடுக்கத் தேவையில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. கேபிள் இழுபட்டுத் தளர்ந்தாலோ, உறைக்குள் துருப்பிடித்து இறுகினாலோ, கிளச் முழுதாக விடுபடாது. கடற்கரையோரம் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று கேபிளைத் தின்பது நமக்குப் புதிதல்ல.

ஹைஏஸ், கொரோலா போன்றவற்றில் கேபிளுக்குப் பதிலாகப் பிரேக் ஒயிலின் அழுத்தத்தால் கிளச்சை இயக்கும் பம்ப் வேலை செய்கிறது. பெடல் பஞ்சுபோல இறங்கி, இரண்டு மூன்று தரம் அடித்து மிதித்தால் கியர் விழுகிறதென்றால் காற்றோ கசிவோ இருக்கிறது. கீழே இருக்கும் ஸ்லேவ் பம்பின் ரப்பர் உறையை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் வொஷர் போய்விட்டது. மேலே பெடலுக்கு அருகே, காலடிப் பக்கச் சுவரில் பிரேக் ஒயில் வழிந்திருந்தால் மாஸ்டர் பம்ப். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. அந்த ஈரம் பம்பின் உட்சுவரை அரிக்கும். அரித்த பம்புக்கு வொஷர் மட்டும் மாற்றினால் சில மாதத்தில் மறுபடி கசியும், அப்போது பம்பையே மாற்றுவது சிக்கனம். சில புதிய கார்களில் ஸ்லேவ் பம்ப் பொக்ஸின் உள்ளேயே ரிலீஸ் பெயரிங்கோடு சேர்ந்து இருக்கிறது. அவற்றுக்கு இந்தத் தெரிவு கிடையாது.

கியர் ஒயில் விடயத்தில் ஒரு எச்சரிக்கை. கையேடு ஜிஎல்-4 என்ற ஒயில் தரத்தைச் சொன்னால் கடையில் இருக்கிறதே என்று ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். ஜிஎல்-5இல் கூடுதலாக இருக்கும் கந்தகக் கலவை சில பொக்ஸ்களின் பித்தளைச் சிங்குரோவுக்கு ஒத்துவராது. சிறிய காருக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 2 லீற்றர்தான். இதில் மிச்சம்பிடிக்க ஒன்றுமில்லை.

இந்தத் தெரிவின் மறைந்த செலவு, இது தீர்வாக இல்லாதபோதும் தீர்வுபோலத் தோன்றுவது. பிளேட் தேய்ந்து முடிந்த காருக்குக் கேபிளை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருப்பிக்கொண்டே போனால் ஒருநாள் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில், யானை கடக்கும் காட்டு வழியில், இருட்டில் வண்டி நின்றுவிடும். இழுத்து வரும் செலவு அப்போது கிளச் செட்டின் விலையோடு போட்டிபோடும். கேபிளைச் சரிசெய்த பின் விளையாட்டு ஒரு மாதத்துக்குள் மறுபடி மறைந்தால் அடுத்த தெரிவுக்குப் போக நேரம் வந்துவிட்டது.

## இரண்டாம் தெரிவு: பிளேட் மட்டும், அல்லது லைனிங் அடிப்பது

பொக்ஸை இறக்கியாயிற்று. மேசையில் பழைய பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயரிங் மூன்றும் கிடக்கின்றன. இந்த நேரத்தில் நீங்கள் கராஜில் நிற்பது நல்லது.

பிளேட்டின் லைனிங் ஆணித்தலைகளுக்கு மேல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். கையேடுகள் பொதுவாக 0.3 முதல் 0.5 மில்லிமீற்றரை எல்லையாக வைக்கின்றன. அதாவது ஆணி விரல் நுனியில் தட்டுப்படத் தொடங்கினாலே கதை முடிந்தது. நடுவில் இருக்கும் ஸ்பிரிங்குகள் கையால் ஆட்டினால் கிலுங்கக்கூடாது. பிரஷர் பிளேட்டின் முகத்தில் நீலநிறத் திட்டுக்கள் இருந்தால் அது சூட்டில் வெந்த அடையாளம். அதன் முதுகில் இருக்கும் விரல்களின் நுனி பெயரிங் உரசி ஆழமாகக் குழிந்திருந்தால் இழுவை சமமாக இருக்காது.

இவை எல்லாம் சுத்தமாக இருந்தால் மட்டும் பிளேட்டை மாற்றி மற்றவற்றை மறுபடி போடுவதில் நியாயம் உண்டு. உதாரணமாக, செட் போட்டு ஒரு வருடத்துக்குள் ஒயில் கசிந்து லைனிங் நனைந்துவிட்ட கார். அங்கே பிரஷர் பிளேட் புதிது. கசிந்த சீலையும் பிளேட்டையும் மாற்றி, முகத்தைத் துடைத்துப் போட்டால் போதும். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் அதுவும் நனையும்.

சாதாரணமாக ஓடித் தேய்ந்த கிளச்சுக்கு நான் இந்தத் தெரிவைப் பரிந்துரைப்பதில்லை. இதைப்பற்றிக் கராஜில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"அண்ணை, பெயரிங் நல்லாத்தானே சுத்துது. அதையே போட்டுவிடுங்கோவன்."

"தம்பி, கையில சுத்தினா எல்லாப் பெயரிங்கும் நல்லாத்தான் சுத்தும். மூண்டு மாசத்தில கத்தத் தொடங்கினா, அதுக்காக இன்னொருக்கா பொக்ஸ இறக்கக் கூலி தருவீங்களோ?"

அந்த அண்ணை சொல்வதுதான் கணக்கு. ரிலீஸ் பெயரிங் செட்டிலேயே மலிவான சாமான். அதை மிச்சம்பிடித்தவர் இழப்பது ஒரு முழுக் கூலி.

லைனிங் அடிப்பது, அதாவது பழைய பிளேட்டின் இரும்பில் புது லைனிங்கை ஆணியடித்து வாங்குவது, ஒரு காலத்தில் எல்லோரும் செய்தது. நடுவிலுள்ள ஸ்பிரிங்கும் பல்லும் பழையதாகவே இருக்கும். ஆணி சரியாக இறுகாவிட்டால் வேகமாகச் சுழலும்போது லைனிங் பிய்ந்து உள்ளே சிதறும். புதுப் பிளேட் கடையில் கிடைக்கும் காருக்கு இதைச் செய்யாதீர்கள். ஆனால் மொரிஸ் மைனரோ ஒஸ்டின் கேம்பிரிட்ஜோ வைத்துப் பராமரிக்கிறவர்களுக்குச் சில நேரம் இதுதான் ஒரே வழி. அவர்கள் நல்ல கைக்காரரைத் தேடிப் பிடித்துச் செய்விப்பது முற்றிலும் சரி.

## மூன்றாம் தெரிவு: முழு செட்

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயரிங் மூன்றும் புதிது. பின்சக்கர இழுவை வான்களில் இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பெயரிங்கும் சேரும். வழுக்கும் கிளச்சுக்கும், வண்டி எடுக்கும்போது உதறும் கிளச்சுக்கும், இன்னும் மூன்று நான்கு வருடம் காரை வைத்திருக்க எண்ணுகிறவருக்கும் என் விடை இதுதான்.

எந்தப் பிராண்ட் என்ற கேள்விக்கு: எக்செடி, அய்சின், வலியோ போன்றவை கார்க் கம்பனிகளுக்கே கிளச் செய்து கொடுப்பவை. ஏஜென்டின் பெட்டியில் வருவதற்கும் இவர்களின் சொந்தப் பெட்டியில் வருவதற்கும் விலையில் வித்தியாசம் பெரிது, தரத்தில் அவ்வளவு இல்லை. போலிப் பெட்டிகள் நடமாடுவதால் பற்றுச்சீட்டுத் தரும் கடையில் வாங்குங்கள். பழைய பிளேட்டையும் புதியதையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து விட்டத்தையும் நடுத்துளையின் பல் எண்ணிக்கையையும் ஒப்பிடாமல் பொருத்த விடாதீர்கள்.

இங்கே மறைந்த செலவுகள் பல, எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிளேட் அழுந்தும் எஞ்சின் பக்கச் சக்கரமான பிளைவீலின் முகம் வரியோடியிருந்தால் லேத்தில் கடைய வேண்டும். வெடிப்பு இருந்தால் கடைவதில் பயனில்லை, மாற்றவேண்டும். புதுப் பிளேட்டை வரியோடிய பிளைவீலில் பொருத்தினால் உதறல் அப்படியே தொடரும், குற்றம் புது செட்டின் தலையில் விழும். எஞ்சின் பின்பக்க ஒயில் சீல், பொக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல், டிரைவ் ஷாஃப்ட் சீல்கள், வடித்த கியர் ஒயில், தளர்ந்த மவுண்ட். ஒவ்வொன்றும் சிறு தொகை, ஆனால் பொக்ஸ் இறங்கியிருக்கும் நாளில் மாற்றினால் மட்டுமே சிறு தொகை.

நியூட்ரல் சோதனையில் இன்புட் பெயரிங் இரைச்சல் கேட்டிருந்தால் அதையும் இந்த நாளிலேயே தீர்மானியுங்கள். புதுக் கிளச் போட்டு ஏற்றிய பொக்ஸை இரைச்சலுக்காக மறுபடி இறக்குவதைவிட மனத்தாங்கலான செலவு இந்தத் தொழிலில் இல்லை.

## நான்காம் தெரிவு: பொக்ஸைப் பிரித்துத் திருத்துவது

சிங்குரோ ரிங், அது வேலை செய்யும் நடுப்பாகமான ஹப், பெயரிங், செலக்டர் ஃபோர்க். குறை இவற்றில் ஒன்றில் என்று சோதனைகள் தெளிவாகச் சொன்னால் இந்தத் தெரிவு.

இதன் நல்ல பக்கம், உங்கள் பொக்ஸ் உங்களுடையதாகவே இருக்கும், கெட்டது மட்டும் மாறும். கெட்ட பக்கம், திறந்து பார்க்கும்வரை செலவின் முடிவு தெரியாது. ஒரு சிங்குரோவுக்காகத் திறந்து, ஹப்பும் தேய்ந்திருக்கக் கண்டு, பெயரிங்கையும் சேர்த்து, பட்டியல் நீளும். பெயரிங்கை பிரஸ்ஸில் உருவி ஏற்றவும் இடைவெளியைச் சரிப்படுத்தும் மெல்லிய தகடான ஷிம்மை அளந்து வைக்கவும் தெரிந்த கை வேண்டும். கிளச் மாற்றும் எல்லாக் கையும் பொக்ஸ் பிரிக்கும் கை அல்ல. "நீங்களே பிரிப்பீர்களா, வெளியே கொடுப்பீர்களா" என்று கேட்பதில் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

இரண்டாம் கியர் சிங்குரோ மட்டும் தேய்ந்த காருக்கு, ஒன்றும் செய்யாமல் ஓட்டுவதும் மதிக்கத்தக்க தெரிவுதான். கியர் குறைக்கும்போது கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, கிளச்சை விட்டு அக்சிலேட்டரை லேசாகத் தட்டி, மறுபடி கிளச்சை மிதித்து இரண்டாம் கியரைப் போட்டால் கறகறப்பு இல்லாமல் விழும். பழைய லொறிச் சாரதிகளுக்கு இது கைவந்த வேலை. ஊருக்குள் ஓடும் காரை இப்படியே நெடுநாள் ஓட்டலாம். ஒயிலில் இரும்புத் துண்டு கண்டாலோ, இரைச்சல் வேகத்தோடு ஏறினாலோ இந்தச் சலுகை கிடையாது, பெயரிங் உடைந்து பொக்ஸ் இறுகினால் ஓடும் சில்லும் இறுகும்.

## ஐந்தாம் தெரிவு: ரீகண்டிஷன் பொக்ஸ்

யப்பானில் கழற்றிய வண்டிகளிலிருந்து வரும் பாவித்த பொக்ஸ். பல் உடைந்து, உறை வெடித்து, பிரித்தால் பாதிச் சாமான் மாற்றவேண்டும் என்ற நிலையில் இது மலிவாகவும் விரைவாகவும் முடியும். பிரித்துத் திருத்த ஒரு வாரம் என்றால் இது இரண்டு நாள். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் செஸி இலக்கமும்தான் இருக்கின்றன, பொக்ஸ் மாற்றுவதால் அங்கே திருத்தம் வராது.

சிக்கல் பொருத்தத்தில் இருக்கிறது. ஒரே பெயருடைய காரிலேயே எஞ்சினுக்கு ஏற்றபடி பொக்ஸின் விகிதம் மாறும். தவறான விகிதம் வந்தால் கார் ஓடும், ஆனால் ஏற்றத்தில் திணறும், அல்லது ஏ6 வீதியில் எஞ்சின் வீணாக அலறும், எண்ணெய்ச் செலவு கூடும். கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டின் குறியீட்டைப் படம் எடுத்து அனுப்பியே கேளுங்கள். இன்புட் ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள், தளர்வு இருந்தால் வேண்டாம். உள்ளே மிஞ்சிய ஒயிலை வெள்ளைத் துணியில் பாருங்கள். உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள், அது சாமானுக்கு மட்டுமா, இறக்கி ஏற்றும் கூலிக்குமா என்பதையும் சேர்த்து. பெரும்பாலும் சாமானுக்கு மட்டும்தான் தருவார்கள். அந்த அபாயத்தையும் விலையோடு கூட்டிப் பார்க்கவேண்டும்.

ரீகண்டிஷன் பொக்ஸ் ஏற்றும் நாளில் பழைய கிளச் பிளேட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| தெரிவு | பொக்ஸ் இறங்குமா | வண்டி நிற்கும் காலம் | மறைந்த செலவு | பொருந்தும் நிலை |
|---|---|---|---|---|
| கேபிள், பம்ப், ஒயில், மவுண்ட் | இல்லை | சில மணித்தியாலம் | தேய்ந்த பிளேட்டை மறைத்துவிடும் | எஞ்சின் ஓடும்போது மட்டும் கியர் விழாதது, பஞ்சுப் பெடல் |
| பிளேட் மட்டும் | ஆம் | 1 நாள் | இரண்டாம் முறைக் கூலி | செட் புதிது, ஒயிலில் நனைந்தது |
| முழு செட் | ஆம் | 1 முதல் 2 நாள் | பிளைவீல் கடைதல், சீல்கள், ஒயில் | வழுக்கல், உதறல், மிதிக்கும்போது கீச்சொலி |
| பொக்ஸ் பிரித்தல் | ஆம் | ஒரு வாரம் வரை | முடிவு தெரியாத சாமான் பட்டியல் | ஒரு கியரில் கறகறப்பு, நியூட்ரல் இரைச்சல் |
| ரீகண்டிஷன் பொக்ஸ் | ஆம் | 2 நாள், சாமான் வந்த பின் | விகித மாற்றம், கூலியில்லாத உத்தரவாதம் | பல் உடைவு, பல பாகங்கள் சேர்ந்து தேய்வு |

## யாருக்கு எது

ஊருக்குள் ஓடும் ஆல்டோவுக்கு முதல் தெரிவில் தொடங்குங்கள், பிளேட் என்று உறுதியானால் நேரே மூன்றாம் தெரிவுக்குத் தாவுங்கள். இரண்டாவதை மறந்துவிடலாம்.

ஆள் ஏற்றும் ஹைஏஸுக்குக் காலம்தான் காசு. வழுக்கல் மார்ச்சில் தொடங்கினால் ஏப்ரலுக்குள் முழு செட் போட்டுவிடுங்கள். ஜூலையில் கராஜில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமான இழப்பு. சாமானை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, வண்டியைப் பிறகு கொடுங்கள்.

நிலாவெளி, குச்சவெளிக் கரையில் தோணி ட்ரெய்லர் இழுக்கும் கெப்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். மணலில் அரைக் கிளச்சில் இழுப்பது பிளேட்டையும் பிளைவீலையும் சேர்த்தே வேகவைக்கும். மலிவான செட் இவற்றில் ஒரு பருவம்கூடத் தாங்காது. நல்ல பிராண்ட் செட், கடைந்த பிளைவீல், இரண்டும் கட்டாயம். நான்கு சில்லு இழுவையும் லோ கியரும் உள்ள கெப் என்றால் கரையில் அதைப் போட்டு இழுப்பது எந்த சாமானையும்விட மலிவு.

ஆறு மாதத்தில் விற்கப்போகும் காருக்கு பொக்ஸ் பிரிக்காதீர்கள். குறையை வாங்குபவருக்குச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

எதைத் தெரிவுசெய்தாலும் கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், பற்றுச்சீட்டில் பிராண்ட் பெயரையும் திகதியையும் எழுதுவியுங்கள். கராஜிலிருந்து எடுத்ததும் ரிவர்ஸ் சோதனையையும் நியூட்ரல் சோதனையையும் அங்கேயே ஒருமுறை செய்யுங்கள். புது பிளேட் பிளைவீலோடு படிந்து வர முதல் சில நூறு கிலோமீற்றர் ஊர் ஓட்டம் தேவை. அதுவரை ட்ரெய்லர் கொளுவவோ, ஆள் நிறைத்து உவர்மலை ஏறவோ வேண்டாம். அந்த ஓட்டம் முடிந்தபின் கேபிள் காரென்றால் பெடல் விளையாட்டை மறுபடி அளந்து சரிசெய்யச் சொல்லுங்கள். புது லைனிங் படியும்போது அது கொஞ்சம் மாறும்.